இடது தொட்டி, வலது தொட்டி

பிரிப்பார் என்றொரு இனம் உண்டு. திண்டுக்கல் நகரிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் ஏராளமாகக் காணப்படும். மற்ற இடங்களிலும் இருப்பதாகக் கேள்வி. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போதும், பேருந்து கிளம்பிய ஐந்தாவது நிமிடத்திலும், வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கும் நேரத்திலும் இவரைத் தெளிவாகப் பார்க்கலாம். சாதுவானவர். கடிக்க மாட்டார். கேள்விதான் கேட்பார்.

அந்தக் கேள்விக்கு ஒரு முறை இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே "நீங்க என்ன ஆளு?" என்று கேட்பது அநாகரிகம், பிரிப்பார் அப்படிக் கேட்பதே இல்லை. "திண்டுக்கல்லேயா, வெளியூரா?" என்று தொடங்குவார். வெளியூர் என்றால், "ஆத்தூர்ப் பக்கமா, சின்னாளப்பட்டிப் பக்கமா?" ஆத்தூர் என்றால், "ஊருக்குள்ளயா, ஊருக்கு அங்கிட்டா?" அங்கிட்டு என்றால், "ரோட்டுக்கு மேக்கயா, கிழக்கயா?" ஒவ்வொரு படியிலும் இரண்டே வழி, நீங்கள் ஒன்றில் காலை வைத்தால் மற்றது மூடிக்கொள்ளும். ஆறாவது கேள்வியில் அப்பா பெயர், ஏழாவதில் அம்மா பிறந்த ஊர். எட்டாவது கேள்வியே கிடையாது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவும். "அப்ப சரி" என்பார். என்ன சரி? உங்களை எந்தப் புட்டியில் போட்டு மூட வேண்டும் என்று தெரிந்துவிட்டது, அதுதான் சரி. இனிமேல் நீங்கள் நிம்மதியாகச் சாம்பார் ஊற்றிக்கொள்ளலாம்.

இந்த இனத்தின் ஆகச் சிறந்த மாதிரி எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பெயர் பிராங்கிளின். மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் விலங்கியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவர். மனைவி அன்னாள். ஒரே மகள் அனிஷா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். இந்தக் கதை முழுக்க ஊசலாடப் போவது இந்த அனிஷாவின் கல்யாணம்தான். மீனைப் பற்றி நான் பேச ஆரம்பித்ததும் அவளை மறந்துவிடாதீர்கள்.

ஏனென்றால் மீனைப் பற்றி நிறையவே பேசியாக வேண்டும். மற்ற பிரிப்பார்கள் மனிதரோடு நிறுத்திக்கொள்வார்கள். சார் மீனையும் பிரிப்பார். அதுவும் அயிரை, விரால் என்று குழம்புக்கு ஆகிற மீனாக இருந்தால் அன்னாளாவது சந்தோஷப்பட்டிருப்பார். சார் எடுத்துக்கொண்டது முண்டக்கண்ணி. வாய்க்காலிலும் கிணற்றிலும் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரியும் பொடி மீன். சுண்டுவிரல் நீளம், பெரிய கண், உச்சந்தலையில் வெள்ளியாக ஒரு புள்ளி. கொசுப் புழுவைத் தின்னும். உங்களுக்கும் எனக்கும் அவ்வளவுதான். சாருக்கோ அது கில்லி மீன் என்ற பெரிய கூட்டத்தில் ஒரு தனிக் குடும்பம், அந்தக் குடும்பத்துக்கு ஒரு வம்சாவளி, அந்த வம்சாவளிக்கு ஒரு படம். கூடத்தில் இருதய ஆண்டவர் படத்துக்கு வலப்பக்கம் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். ஆண்டவர் படத்தைவிட ஒரு சாண் பெரியது.

அந்த வீட்டுக்குள் காலை வைத்தவர் எவரும் அந்தப் படத்தின் முன்னால் நிற்காமல் வெளியே வந்ததில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரையே தோளில் இருந்ததை இறக்க விடாமல் நிற்க வைத்தவர் சார்.

"இங்க பாருங்க. நம்மூரு முண்டக்கண்ணிக்குச் சித்தப்பா பெரியப்பா மக்க எங்க இருக்காங்க? மடகாஸ்கர்ல! செஷல்ஸ் தீவுல! ஒரு காலத்துல அம்புட்டும் ஒரே நிலம். நிலம் பிளந்து போச்சு. அதுக்கு மீனு என்ன செய்யும்? இம்புட்டுக் கோடி வருசம் ஆயிருச்சே, நடுவுல கடலு கெடக்கேன்னு சொந்தம் விட்டுப் போயிருமா?"

இந்த இடத்தில் சாருக்குக் கண் கலங்கும். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்ததாக ஆப்பிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் விரல் போகும். "முன்னாடி இவங்களையும் நம்ம குடும்பத்துலதான் வச்சிருந்தாங்க. பெறகு ஆராய்ச்சி பண்ணித் தனித்தனிக் குடும்பமாப் பிரிச்சுட்டாங்க. அவுக ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நெருக்கம். நம்மாளு தனி." அந்த "நம்மாளு" என்ற சொல்லை அவர் சொல்லும் விதத்தைக் கேட்டால், முண்டக்கண்ணிக்கு அந்த வீட்டு ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிறது என்றே நினைப்பீர்கள்.

போன வருடம் ஜனவரியில் சாருக்கு ஒரு யோகம் அடித்தது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வாய்க்காலில் வலை போட்டவருக்கு, முதுகுத் துடுப்பின் அடியில் கரும்புள்ளி வைத்த முண்டக்கண்ணிகள் சில கிடைத்தன. அதே வலையில் புள்ளி இல்லாதவையும் இருந்தன. சார் வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு துடுப்பு முட்களை எண்ணினார். மூன்று நாள் எண்ணினார். நான்காம் நாள் தெருவுக்கே அறிவித்தார்: புள்ளி இல்லாதது உலகம் அறிந்த பழைய இனம், புள்ளி வைத்தது உலகம் இதுவரை அறியாத புது இனம்.

உடனே கூடத்தில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள் வந்தன. இடது தொட்டியில் பழசு பதினொன்று, வலது தொட்டியில் புதுசு பத்து. ஒன்றை ஒன்று பார்த்து மிரளக் கூடாது என்று நடுவில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை மடித்து வைத்தார். வலது தொட்டியில் முதலில் செத்த மீனைப் புட்டியில் மருந்து ஊற்றி மூடி, "முதல் மாதிரி" என்று சீட்டு ஒட்டி, பீரோவுக்குள் அன்னாளின் கல்யாணச் சேலைக்கு மேலே வைத்தார். புது இனம் ஒன்றை அறிவித்தால் அதற்கு ஆதாரமாக ஒரு மீனைக் கெடாமல் காப்பாற்ற வேண்டுமாம். அதை வெட்டிப் பார்ப்பது பாவம் என்றார்.

பெயர்? தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது அந்தத் துறையில் மரியாதை இல்லையாம். அதனால் மனைவி பெயரை வைப்பதென்று முடிவு செய்தார். முப்பதாவது கல்யாண நாளன்று கேக் வெட்டி அதை அறிவித்தார்.

"எம் பேரை மீனுக்கு வைக்கிறதுக்குச் சின்னாளப்பட்டியில ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக் குடுத்திருக்கலாம். கட்டவாவது செய்வேன்" என்றார் அன்னாள். ஆனாலும் அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அந்த லத்தீன் பெயரை இரண்டு தரம் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போனார்.

சார் எழுதிவைத்த குறிப்பேட்டை எனக்கு வாசிக்கக் கொடுத்தார். அதிலிருந்து சில வரிகள்: "இடது தொட்டி இனம் பகட்டான நிறமும் நீண்ட துடுப்பும் உடையது, தமக்குள் ஓயாமல் சண்டையிடும். வலது தொட்டி இனம் அமைதியானது. வயிறு பருத்துக் காணப்படுகிறது. மிகையாக உண்பது காரணமாகலாம். பத்து மாதமாகியும் இரண்டு தொட்டிகளிலும் ஒரு குஞ்சுகூட இல்லை. இரண்டுமே இனப்பெருக்கத்தில் மந்தமானவை; நம்மூர்த் தண்ணீர் காரணமாகலாம்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு விளங்கிவிட்டது. எனக்கு அன்று விளங்கவில்லை, பிரமாதமாக எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லிக் குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது அனிஷா. அவளுக்கும் பிரிட்டோ என்ற பையனுக்கும் இரண்டு வருடப் பழக்கம். பிரிட்டோ கொசு ஒழிப்புப் பணியில் மேற்பார்வையாளர்; காய்ச்சல் மாதிரிகளைக் கொண்டுபோய் அவளிடம் கொடுக்கப் போய்த்தான் பழக்கமாம். இருவரும் ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே சாமியார். பையன் வீட்டிலிருந்து முறையாக வந்து கேட்டார்கள். சார் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், காபி கொடுத்தார், கேள்வியை ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது கேள்விக்குப் பதில் வந்தபோது "அப்ப சரி" வரவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்றுதான் வந்தது.

எந்தப் பதிலில் முட்டிக்கொண்டது என்பதை நான் சொல்லப் போவதில்லை.

அவர்கள் போன பிறகு நடந்தது சுவர் வழியாக எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அனிஷா அழவில்லை. "அவர்கிட்ட என்னப்பா குறை?" என்று மட்டும் கேட்டாள்.

"நல்ல பையந்தான். நான் குறையா ஒண்ணும் சொல்லல. இந்தா, இடது தொட்டியைப் பாரு. வலது தொட்டியைப் பாரு. ரெண்டும் நல்ல மீனுதான். ஒரே வாய்க்கா, ஒரே தண்ணி. தெரியாதவன் பாத்தா ஒண்ணுன்னுதான் சொல்லுவான். ஆனா சேராது. சேந்தாலும் வம்சம் வெளங்காது. அதுக்குப் பேருதான் இனம்."

"சேத்து விட்டுப் பாத்தீங்களாப்பா?"

"பாக்கணும்னு அவசியமே இல்ல. நான் எண்ணிட்டேன்."

மடகாஸ்கர் மீனுக்குக் கண் கலங்குகிற அதே மனிதர்தான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பக்கத்து வீட்டு விவகாரம், சுவரோடு நின்றுகொண்டேன்.

அனிஷா ஓடிப்போகிற பெண்ணும் இல்லை. கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர் சொல்லலாம் என்று. "அப்பா சம்மதிச்சு முன் பெஞ்சுல உக்காந்திருக்கணும். அப்பத்தான் என் ஓலையை வாசிக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். பிரிட்டோவின் அம்மாவோ கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுப்போம், அதற்கு மேல் வேறு பெண் பார்ப்போம் என்று சொல்லியனுப்பினார். அப்போது அக்டோபர் கடைசி. அனிஷா வேலைக்குப் போய்வந்தாள், சாப்பிட்டாள், பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் சுடிதார் தோளில் நிற்காமல் தொங்க ஆரம்பித்தது.

சாருக்கு அது தெரிந்ததா? தெரிந்தது. அதனால்தான் சென்னைக்குக் கிளம்பினார். அருங்காட்சியகப் புட்டிகளில் இருக்கும் பழைய முண்டக்கண்ணிகளின் முட்களை எண்ணிவர மூன்று நாள் பயணம் என்றார். பிரிப்பாருக்கு மனசு சரியில்லை என்றால் எதையாவது எண்ணப் போய்விடுவார்.

அவர் போன மறுநாள் எங்கள் தெருவுக்கு டெங்கு சோதனைக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பெண்கள், கூடவே மேற்பார்வையாளர். ஆமாம், பிரிட்டோதான். வீடு வீடாகப் பின்கட்டில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவன், அன்னாள் வீட்டு சிமென்ட் தொட்டியில் டார்ச்சை அடித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். பாசி படர்ந்த தண்ணீரில் கொசுப் புழு நெளிந்துகொண்டிருந்தது. கொசுப் புழு தின்னும் மீனுக்கு வம்சாவளிப் படம் மாட்டிய வீட்டில்.

"ஆன்ட்டி, புழு இருக்கு" என்றான், தன் மேல் தப்பு இருப்பதுபோல மெதுவாக. "மருந்து ஊத்திருவோமா? இல்லைன்னா நாலு முண்டக்கண்ணி விட்டாலும் போதும்." சொல்லும்போது கதவு வழியாகக் கூடத்தில் இரண்டு தொட்டி நிறைய முண்டக்கண்ணி தெரிந்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டான். கூட வந்த பெண் சுவரில் சாக்பீஸால் தேதியைப் போட்டு "புழு உண்டு" என்று எழுதிவிட்டுப் போனாள்.

அன்னாள் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். "சேசுவே, மானமே போச்சு. மாப்பிள்ளையா வரவேண்டிய புள்ள எம் வீட்டுத் தொட்டியில புழு நெளியிறதப் பாத்துட்டுப் போறாரே! அதுவும் செவுத்துல எழுதி வச்சுட்டு!" என் மனைவி சமாதானம் சொல்வதற்குள் திரும்பி ஓடினார். இடது தொட்டி, வலது தொட்டி, நடுவிலிருந்த பேப்பர் என்று எதையும் பார்க்கவில்லை. இருபது மீனையும் வாளியில் அள்ளிக் கொண்டுபோய் சிமென்ட் தொட்டியில் கொட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் புழு ஒன்றுகூட இல்லை.

சார் மூன்றாம் நாள் வந்தார். காலித் தொட்டிகளைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் தெருமுனை பால் பூத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"பத்து மாசம் பிரிச்சு வச்சதை ஒரு வாளியில கலந்துட்டியேடி!"

"புள்ளி வச்சது ஒண்ணு, வைக்காதது ஒண்ணு. நீங்கதான வந்தவுக போனவுககிட்டயெல்லாம் சொல்லுவீக? வலையப் போட்டுப் பிரிச்சு எடுத்துக்கங்க. இதுக்குப் போயி இம்புட்டுச் சத்தமா?"

சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கினார். நான் டார்ச் பிடித்தேன். நான்கு மணி நேரம் பிரித்தார். இடது தொட்டிக்குப் பதினொன்று, வலது தொட்டிக்கு ஒன்பது, கணக்கு பிசகவில்லை. நடுவில் புதுப் பேப்பரை வைத்துவிட்டு, ஒன்றும் ஆகிவிடவில்லை என்று எனக்கும் தனக்கும் சொல்லிக்கொண்டார்.

பதினெட்டு நாள் கழித்து மறுசோதனைக்கு வந்தார்கள். இந்த முறை சார் வீட்டில் இருந்தார். நானும் இருந்தேன். பிரிட்டோவைக் கண்டதும் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பின்கட்டுக்கு வழி விட்டார், அரசாங்க வேலை ஆயிற்றே. பையன் டார்ச் அடித்தான். செத்த நேரம் குனிந்து பார்த்தான்.

"புழு இல்ல சார். குஞ்சு இருக்கு."

சார் என்னைத் தள்ளிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தார். பாசிக்கு நடுவே, நூலில் அறுந்து விழுந்த துணுக்கு மாதிரி பத்துப் பதினைந்து இருக்கும். ஒவ்வொன்றின் உச்சந்தலையிலும் வெள்ளியாக ஒரு புள்ளி மினுக்கியது.

பிரிட்டோவுக்குச் சாரின் ஆராய்ச்சி எதுவும் தெரியாது. நல்ல வார்த்தை ஒன்று சொல்லலாம் என்றுதான் சொன்னான். "எங்க ஆபீஸ் தொட்டியிலயும் இப்பிடித்தான் சார் பெருக்குறோம். புள்ளி வச்ச பொட்டையையும் புள்ளி இல்லாத ஆணையும் கலந்து விட்டாப் போதும். ரெண்டு வாரத்துல குஞ்சு வந்துரும்."

கூட வந்த பெண் சுவரில் "புழு இல்லை" என்று எழுதினாள்.

சார் உள்ளே போய் பீரோவைத் திறந்தார். முதல் மாதிரியை எடுத்தார். வெட்டுவது பாவம் என்று சொன்ன அதே மீனைத் தட்டில் வைத்து, சவர பிளேடால் வயிற்றைக் கீறினார். உள்ளே கடுகு கடுகாக முட்டை. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. எனக்கே தெரிந்தது. பத்து மாதம் ஆண் மீன்களை எல்லாம் ஒரு தொட்டியிலும் பெண்களை எல்லாம் இன்னொரு தொட்டியிலும் அடைத்துவைத்து, நடுவில் பேப்பரை வைத்து, இதுகளுக்கு வம்சம் விளங்கவில்லையே என்று குறிப்பேட்டில் வருத்தப்பட்டவரை அந்த நேரத்தில் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

அனிஷா வேலை முடிந்து வந்தபோது சார் பின்கட்டில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் கிளம்பிக்கொண்டிருந்தேன், அவர் சொன்னது காதில் விழுந்தது.

"தப்பா எண்ணிட்டேன் பாப்பா."

அவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். குஞ்சுகளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். இரண்டு மாதமாக அழாதவள் அப்போது அழுதாள். சார் எழுந்திருக்கவில்லை. "அந்தத் தம்பி வீட்டுப் பெரியவுகளை ஞாயித்துக்கெழமை வரச் சொல்லு" என்றார், தொட்டியைப் பார்த்துக்கொண்டே.

அதோடு சார் திருந்திவிட்டார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். காபி கொடுத்து முடித்ததும் சார் பிரிட்டோ பக்கம் திரும்பி, "தம்பி, உங்க அம்மா பிறந்தது…" என்று ஆரம்பித்துவிட்டார். பழக்கம் விடுமா? சமையலறையிலிருந்து "ஏங்க!" என்று ஒரு சத்தம் வந்தது. "…பிறந்த நாளு எப்ப? கேக்கு வாங்கணும்ல" என்று சமாளித்தார். பிரிட்டோவின் அம்மாவுக்கு அது விளங்கியது என்பது அவர் சிரித்ததிலிருந்து தெரிந்தது.

ஜனவரியில் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர் சொல்லலாம் என்று சாமியார் நிறுத்திய ஒவ்வொரு முறையும் கோயில் முழுக்கச் சாரைத் திரும்பிப் பார்த்ததாம். முன் பெஞ்சில் சார் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கல்யாணத்தன்று அன்னாள் சின்னாளப்பட்டிச் சுங்குடி கட்டியிருந்தார், சார் எடுத்துக் கொடுத்தது. "மீனுல எம் பேரு போயிருச்சேன்னு செத்த வருத்தந்தான்" என்று என் மனைவியிடம் சொன்னார்.

பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே என் காதோரம் குனிந்தார். "பொண்ணு வீடு தெரியும். பையன் எந்தப் பக்கம்?"

"கொசு ஒழிப்புப் பக்கம்" என்றேன்.

"அதில்லைங்க" என்றார் பொறுமையாக. "திண்டுக்கல்லேயா, வெளியூரா?"

அவரை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சார் எந்தப் பக்கம், பிரிட்டோ எந்தப் பக்கம் என்று நான் கடைசிவரை சொல்லவே இல்லை. ஏழாவது கேள்விக்கு வந்த பதிலையும் மறைத்துவிட்டேன். அந்த இடத்திலிருந்து இந்த இடம் வரைக்கும் நீங்கள் அதைத் தேடாமலா வந்தீர்கள்? பெயரை வைத்து ஒரு கணக்கு, ஊரை வைத்து ஒரு கணக்கு, பேச்சை வைத்து ஒரு கணக்கு. போதாததற்கு, இதை எழுதுகிற நான் என் பெயரைச் சொல்லவில்லையே, இவன் யாராக இருப்பான் என்று இன்னொரு கணக்கு. எண்ணி முடித்து என்னை ஒரு தொட்டியில் போட்டுவிட்டீர்கள் அல்லவா?

போடுங்கள், எனக்கு வருத்தமில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை, யாரையும் அதெல்லாம் கேட்பதே கிடையாது. அது கிடக்கட்டும், இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தீர்களே, உங்களுக்குத் திண்டுக்கல்லேயா, வெளியூரா?